மகளைப் பார்க்க ஜெர்மனிக்கு: மூன்று மாதப் பயணத்துக்கு எந்த ஜெர்மன் போதும்?

மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலைப் பக்கம் ஜெர்மன் வகுப்புப் பலகை தொங்கினால், அது பெரும்பாலும் நர்சிங் முடித்த பிள்ளைகளுக்கானது. அங்கே நர்ஸாக அங்கீகாரம் பெற அவர்களுக்குப் பொதுவாக பி2 வேண்டும். மொழித் திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு படியாகப் பிரிப்பார்கள், அதில் இது நான்காவது. அதற்கான வகுப்பு இலக்கணத்திலும் தேர்வுத் தாளிலும் ஓடும். மகளின் பேறுகாலத்துக்குத் துணையாகப் போகிற அம்மாவும் அப்பாவும் அதே வகுப்பில் போய் உட்கார்ந்தால், இரண்டாவது வாரமே சோர்ந்துவிடுவார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. வகுப்புதான் அவர்களுக்கானது இல்லை.

முதலில் விசாவைப் பாருங்கள். ஜெர்மனி உட்பட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான, 90 நாள் வரையிலான ஷெங்கன் விசாவுக்கு ஜெர்மன் சான்றிதழ் தேவையில்லை. கணவனோடோ மனைவியோடோ அங்கேயே குடியேறப் போகிறவர்களுக்குப் பொதுவாக முதல் படியான ஏ1 சான்றிதழ் கேட்பார்கள். அவர்கள் தேர்வு வழியில்தான் போக வேண்டும். ஜெர்மன் கற்பித்துத் தேர்வும் நடத்துகிற கோதே நிறுவனத்துக்குத் திருவனந்தபுரத்தில் கோதே சென்ட்ரம் இருக்கிறது, சென்னையில் கோதே இன்ஸ்டிடியூட் இருக்கிறது. ஏ1 தேர்வுக்கு 45 நிமிடப் பாடவேளையாக 80 முதல் 200 வரை படித்திருப்பது நல்லது என்று கோதே சொல்கிறது. நூற்றுக்கு 60 எடுத்தால் தேர்ச்சி. சுற்றிப் பார்க்கவும் பிள்ளைகளோடு இருக்கவும் போகிறவர்களுக்கு இந்தச் சுமை வேண்டாம். எட்டு வாரம், வாரம் ஆறு நாள், தினம் அரை மணி நேரம் போதும். மொத்தம் 24 மணி நேரம். அதை எதில் செலவழிக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

என் கணிப்பில் அதில் பாதிக்கு மேல் காதுக்குப் போக வேண்டும். திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் மலையாளம் பேசி சாமான் வாங்குகிற நம் ஊர்க்காரர் யாரும் இலக்கணம் படித்துவிட்டுப் பேசத் தொடங்கவில்லை. கேட்டுக் கேட்டுத்தான் வந்தது. ஆனால் மலையாளத்தில் பாதிச் சொல் நமக்கு முன்பே தெரியும், ஜெர்மனில் அந்தச் சலுகை கிடையாது. அதனால் காதுக்குக் கூடுதல் பயிற்சி தேவை.

இதற்கு ஜெர்மனியின் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்சே வெல்லேயின் 'நீக்கோஸ் வேக்' வீடியோப் பாடம்தான் என் முதல் பரிந்துரை. இலவசம், போனிலேயே பார்க்கலாம், ஒவ்வொரு வீடியோவும் சிறியது. பார்க்கிற முறை முக்கியம்: முதலில் எழுத்து எதுவும் இல்லாமல் இரண்டு முறை, பிறகு ஜெர்மன் எழுத்தோடு ஒருமுறை, கடைசியாக நிறுத்தி நிறுத்தி வாய்விட்டு. முதல் தடவையே எழுத்தை ஓடவிட்டால் கண் படித்துக்கொள்ளும், காது தூங்கிவிடும். டுவோலிங்கோ மாதிரி ஆப்கள் தினமும் தொடும் பழக்கத்துக்கு உதவும். அதை மட்டும் நம்பினால் ஸ்டேஷன் அறிவிப்பு புரியாது. இதோடு வாரம் ஒருமுறை அரை மணி நேரம் பேச ஓர் ஆள் வேண்டும். ஆன்லைன் ஆசிரியராக இருக்கலாம், வீடியோ காலில் மகளாகவே இருக்கலாம். ஆசிரியர் என்றால், சேரும் முன் ஒரு வகுப்பு இருந்து பாருங்கள். நேரம் முழுக்க அவரே தமிழிலோ மலையாளத்திலோ விளக்கிக்கொண்டிருந்தால் வேறு ஆளைத் தேடுங்கள்.

தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்வது பெரிய கண்ணி. இங்கே நான் எழுதியிருப்பதும் அடையாளத்துக்குத்தான், உச்சரிப்பை ஒலிப்பதிவில் கேட்டே பழகுங்கள். நம் நாக்கு மூன்று இடத்தில் வழுக்கும். ஒன்று, சொல் முடிவில் ஓர் உகரம் சேர்ப்பது: நல்லது என்பதற்கான 'கூட்', 'கூட்டு' ஆகிவிடும். இரண்டு, எகரத்துக்கு முன் யகரம் சேர்ப்பது: பதினொன்றுக்கு 'எல்ஃப்', அது 'யெல்ஃபு' ஆனால் எதிரில் இருப்பவர் விழிப்பார். மூன்று, இங்கிலீஷ் எழுத்தை இங்கிலீஷாகவே வாசிப்பது. நான்குக்கான சொல் இங்கிலீஷ் வி எழுத்தில் தொடங்கும், ஆனால் ஒலி 'ஃபீர்'. அதை 'வீர்' என்று சொன்னால் ஜெர்மனில் 'நாங்கள்' என்று பொருள். பத்து என்பதை 'ட்ஸேன்' என்று சொல்ல வேண்டும், 'ஸேன்' அல்ல.

எண்களுக்கு மட்டும் முழுதாக இரண்டு வாரம் ஒதுக்குங்கள். ரயில் நேரம், பிளாட்பாரம், விலை எல்லாம் எண்தான். 21 முதல் 99 வரை ஒன்றாமிடம் முன்னால் வரும். களியக்காவிளை ஸ்டாண்டில் நின்று வண்டிகளின் நம்பர் பிளேட்டைப் பாருங்கள், இதைவிட நல்ல பயிற்சிப் புத்தகம் கிடையாது. நாகர்கோவில் வண்டியின் 74 'ஃபீர்-உன்ட்-ஸீப்ட்ஸிஷ்', அதாவது நாலும் எழுபதும். மார்த்தாண்டத்தின் 75 'ஃப்யூன்ஃப்-உன்ட்-ஸீப்ட்ஸிஷ்'. பாறசாலையின் 19 'நொய்ன்ட்ஸேன்', நெய்யாற்றின்கரையின் 20 'ட்ஸ்வான்ட்ஸிஷ்'. கேட்டு எழுதும்போது முதலில் காதில் விழும் இலக்கத்தை வலப்பக்கம் போட்டு, இடப்பக்கத்தைக் காலியாக விடுங்கள், பத்து வந்ததும் நிரப்பலாம். இரண்டுக்கு 'ட்ஸ்வை', ஆனால் மூன்றின் 'ட்ரை'யோடு குழம்பாமலிருக்க 'ட்ஸ்வோ' என்றும் சொல்வார்கள்.

மணி சொல்வதில் ஒரு பள்ளம் இருக்கிறது. 'ஹால்ப் ட்ரை' என்றால் நமக்கு மூன்றரை என்று தோன்றும். அது இரண்டரை. மூன்றை நோக்கிப் பாதி வந்தாயிற்று என்பது அவர்கள் கணக்கு. மூன்றரைக்குப் போய் நின்றால் ஒரு மணி நேரம் தவறிவிடும். ரயில் அட்டவணையில் 24 மணிக் கணக்குதான், பேச்சில்தான் இந்த ஆபத்து.

ஸ்டேஷனில் வாக்கியம் முழுதும் புரிய வேண்டியதில்லை. 'க்ளைஸ்' என்றால் பிளாட்பாரம், 'ஃபெர்ஷ்பேட்டுங்' என்றால் தாமதம். வினையின் ஒரு துண்டு நடுவில் வரும், பொருளை முடிவு செய்கிற வால் கடைசியில் வரும். 'ஷ்டைகன்' என்பதோடு 'ஐன்' வந்தால் ஏறு, 'அவுஸ்' வந்தால் இறங்கு, 'உம்' வந்தால் வண்டி மாறு. 'டேர் ட்ஸூக் ஃபெல்ட் ஹொய்டெ அவுஸ்' என்றால் இன்று அந்த ரயில் ரத்து. வினைக்காகக் கடைசிவரை காத்திருப்பது தமிழ்க் காதுக்குப் பழக்கமானதுதான். இதை இங்கிலீஷ் வழியாக யோசிக்காமல் நேரே தமிழிலிருந்து பிடித்துக்கொள்ளுங்கள்.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் டேர், டீ, டாஸ் என்ற பால் வேறுபாட்டில் நேரத்தைச் செலவிடாதீர்கள். தவறினாலும் கடைக்காரருக்குப் புரியும். முன்பின் தெரியாதவரிடம் 'ஸீ', நம் நீங்கள் மாதிரி. அவ்வளவு போதும். சாப்பாட்டுச் சொற்களை மட்டும் தவறவிடாதீர்கள். 'ஷ்வைன்' பன்றி, 'ரிண்ட்' மாடு. 'ஷ்பெக்' என்பது உப்பிட்ட பன்றிக் கொழுப்பு, வறுத்த உருளைக்கிழங்கில்கூடக் கலந்திருக்கும். 'ஓனெ ஃப்ளைஷ்' என்றால் இறைச்சி இல்லாமல். ஹோட்டலில் வெறுமனே 'வாஸர்' கேட்டால் சோடா மாதிரி காஸ் நிறைந்த தண்ணீர் வரலாம், 'ஷ்டில்லெஸ் வாஸர்' என்று கேளுங்கள்.

கடைசி வாரம் புதிதாக எதுவும் படிக்க வேண்டாம். 'லாங்ஸாம், பிட்டெ' (மெதுவாக), 'நோஹ் ஐன்மால், பிட்டெ' (இன்னொரு தடவை) இரண்டும் தூக்கத்திலும் வர வேண்டும். கூகுள் டிரான்ஸ்லேட்டில் ஜெர்மன் கோப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். மகளின் முகவரியையும் போன் நம்பரையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, கீழே அவசர உதவிக்கு 112, போலீசுக்கு 110 என்று குறித்து, பாஸ்போர்ட் உறைக்குள் வையுங்கள்.