வரவு இணைப்பு: ஐந்து மாதக் கணக்கு

மாடித்தோட்டம் பற்றி நான் எழுதிவரும் சிறிய இணையதளத்துக்கு இரண்டு வயதாகிறது. மொத்தம் 41 பக்கங்கள். வாசகர்கள் என்றால் என் அக்கா, அவளுடைய பள்ளித் தோழிகள் இருவர், எப்போதாவது வழிதவறி வரும் யாரோ ஒருவர். நன்றாக எழுதினால் ஆட்கள் தாமாக வருவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பங்குனி வெயிலில் தக்காளி கருகிய ஒரு மத்தியானம், மண்வெட்டியை வைத்துவிட்டு இணைப்புகளைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன்.

முதலில் சொல் தகராறு. பிறர் தளத்திலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பை பேக்லிங்க் என்கிறார்கள். தமிழில் சிலர் பின்னிணைப்பு என்று எழுதுகிறார்கள். புத்தகம் படிக்கிறவருக்குப் பின்னிணைப்பு என்றால் கடைசிப் பக்கத்து அட்டவணை. நான் வரவு இணைப்பு என்று வைத்துக்கொண்டேன்.

1998-ல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரினும் (கூகுளைத் தொடங்கியவர்கள்) விளக்கிய பேஜ்ரேங்க் முறைதான் இதற்கெல்லாம் வேர்: ஒரு பக்கத்துக்கு வரும் இணைப்புகளைக் கொண்டு தேடலில் அதன் மதிப்பைக் கணிப்பது. ஊருக்குப் புதியவர் வாடகைக்கு வீடு கேட்டால், “யாருக்குத் தெரிந்தவர்?” என்று கேட்போமே, அதே விசாரணை. சொல்கிறவர் மதிப்புள்ளவராக இருந்தால் அவர் சொல்லுக்கும் மதிப்பு. அவரே நூறு பேருக்குச் சிபாரிசு செய்தால் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது நூறில் ஒரு பங்குதான். இன்று கூகுள் பார்க்கும் பல அடையாளங்களில் இதுவும் ஒன்று. மற்றவற்றை விட்டுவிட்டு இதையே பிடித்துக்கொண்டதற்குக் காரணம், இது ஒன்றுதான் எனக்குப் புரிந்தது.

சொந்த வீட்டைச் சுத்தம் செய்வதிலிருந்து தொடங்கினேன். என் தளத்தில் 27 இடங்களில் “இங்கே சொடுக்கவும்” என்று எழுதியிருந்தேன். இணைப்பைத் தாங்கும் சொற்களைக் கொண்டும் அந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று தேடுபொறி ஊகிக்கிறது. என் கணக்குப்படி என் தளம் முழுக்க “இங்கே” என்ற பயிரைப் பற்றியது! “மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல்” என்பதுபோல ஒவ்வொன்றாக மாற்றினேன். மூன்று பக்கங்களுக்கு என் தளத்திலேயே எந்த வழியும் இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அடுத்ததில் கையைச் சுட்டுக்கொண்டேன். என் பக்க முகவரிகள் தமிழ் எழுத்தில் இருந்தன. உலாவியில் பார்க்க அழகுதான். நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவீதக் குறியும் எண்ணும் ஆங்கில எழுத்துமாக மூட்டைப்பூச்சிபோல் ஊர்ந்து வரும். “தோட்டம்” என்பது நமக்கு நான்கு எழுத்து. கணினிக்கு யூனிகோடில் ஏழு குறியீடுகள். ஒவ்வொன்றும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் மூன்று குறிகளாக விரியும். ஆக, நான்கு எழுத்துக்கு 63 குறிகள். ஆத்திரப்பட்டு ஓர் இரவில் 41 முகவரிகளையும் ஆங்கில எழுத்துக்கு மாற்றிவிட்டேன்.

வீடு மாறுகிறவர் தபால்காரரிடம் புது விலாசத்தைச் சொல்லிவைப்பார். அந்த வேலையை இணையத்தில் செய்வது 301 என்ற நிரந்தர வழிமாற்று. நான் அதை வைக்கவில்லை. எனக்கென்று இருந்த ஒரே நல்ல வரவு இணைப்பு, ஒரு பள்ளித் தோட்டக் குழுவின் பக்கத்திலிருந்து வந்தது, “பக்கம் இல்லை” என்று சொல்லும் 404 என்ற சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. பத்து நாள் கழித்து அக்கா சொல்லித்தான் கவனித்தேன். வழிமாற்றுகளை எழுதி முடிக்க ஒரு ஞாயிறு முழுவதும் போயிற்று. தமிழ் முகவரியே இருந்திருக்கலாம். கூகுளுக்கு அது ஒரு தொந்தரவே இல்லை.

மூன்றாம் மாதம் பொறுமை போய்விட்டது. 1,500 ரூபாய்க்கு 500 இணைப்புகள் என்று ஒருவர் விற்றார், வாங்கினேன். எக்செல் கோப்பு வந்தது. முதல் 50 முகவரிகளைத் திறந்தேன். சூதாட்டம், காலணி, முடி உதிர்வு மருந்து, நடுவே என் கத்தரிக்காய். பாதிக்கு மேல் நோஃபாலோ குறி போட்டவை. 2005-ல் கூகுள், யாஹூ, எம்எஸ்என் மூன்றும் ஏற்றுக்கொண்ட குறி அது: “ஆளைக் காட்டுகிறேன், ஜாமீன் போடமாட்டேன்” என்று பொருள். இப்படி வாங்கிக் குவித்த இணைப்புகளைக் குறிவைத்துத்தான் 2012 ஏப்ரலில் கூகுள் தேடலில் பெங்குவின் என்ற மாற்றம் வந்தது என்பதைப் பணம் கட்டிய பிறகு படித்தேன். நீக்கச் சொல்லி எழுதினேன், பதில் இல்லை. தளம் நடத்துகிறவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் கருவியில் தண்டனை அறிவிப்பு எதுவும் வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

வால் ஒட்டிப் பார்த்தது சுவாரசியமான வேலை. முகவரியின் கடைசியில் கேள்விக்குறி போட்டு, எங்கிருந்து வந்தவர் என்று ஒரு சொல்லைச் சேர்ப்பதை யூடிஎம் என்கிறார்கள். 2005-ல் கூகுள் வாங்கிய அர்ச்சின் நிறுவனத்தின் பெயர் அதில் ‘யூ’ என்ற முதல் ஆங்கில எழுத்தாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. குடியிருப்புக் குழுவுக்கு ஒரு வால், உறவினர் குழுவுக்கு ஒரு வால். 30 வீடுகளே உள்ள குடியிருப்பிலிருந்து 112 பேர் வந்ததாகக் கணக்கு காட்டியது. யாரோ வேறெங்கோ அனுப்பியிருக்கிறார்கள். வாலும் கூடவே போயிருக்கிறது.

ஜூலையில் உருப்படியாக ஒன்று நடந்தது. ஓர் இயற்கை வேளாண் குழுவின் தளத்தில் மாவுப்பூச்சி பற்றிய இணைப்பு ஒன்று செத்துக் கிடந்தது. “வணக்கம். உங்கள் பக்கத்தில் நான்காவது இணைப்பு திறக்கவில்லை. அதே பொருளில் நான் எழுதியது இது, பொருத்தம் என்று தோன்றினால் பயன்படுத்திக்கொள்ளுங்கள்” என்று எழுதினேன். இவ்வளவுதான் கடிதம். பதினோராம் நாள் என் பக்கம் அங்கே இருந்தது, சூதாட்டம் காலணி எதுவும் பக்கத்தில் இல்லாமல்.

அந்த ஓர் இணைப்பின் வழியே முதல் மாதத்தில் 26 பேர் வந்தார்கள். அவர்களில் ஒரு அம்மா, கரைசலில் சோப்பு அளவைத் தேக்கரண்டி என்று எழுத வேண்டிய இடத்தில் மேசைக்கரண்டி என்று எழுதியிருக்கிறேன், இலை கருகிவிடும் என்று கோபத்தோடு எழுதியிருந்தார். இரண்டு ஆண்டாக அப்படியே இருந்திருக்கிறது. அன்றே திருத்தினேன். முகவரியில் மட்டும் கை வைக்கவில்லை.