ஆறு மாதத்துக்குள் எடுக்க வேண்டிய இரத்தப் பரிசோதனை

என் மகனுக்கு இரண்டு விதைகளும் பைக்குள் இறங்கவில்லை, குறியும் சிறியதாக இருக்கிறது என்று பிரசவம் நடந்த ஆஸ்பத்திரியிலேயே சொன்னார்கள். ஒரு வயது முடிந்ததும் வாருங்கள் என்று சீட்டும் எழுதிக் கொடுத்தார்கள். அதே போன்ற சீட்டைக் கையில் வைத்திருக்கும் தாய்மாருக்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு குளச்சல் பக்கம். "மக்களே, ஆண் பிள்ளைக்கு இதெல்லாம் வளர வளரச் சரியாகிவிடும், வெளியே சொல்லாதே" என்றார் மாமியார். பாசத்தில் சொன்னதுதான். ஆனால் ஆறாவது வாரத் தடுப்பூசிக்குப் போனபோது, அங்கிருந்த குழந்தை மருத்துவர் துணியை விலக்கிப் பார்த்தார், அளவுகோல் வைத்து அளந்தார். நிறைமாதக் குழந்தைக்கு மெல்ல இழுத்து அளந்தால் இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாதாம். இவனுக்குக் குறைவாக இருந்தது. "காத்திருக்க வேண்டாம் அம்மா, இந்த மாதமே இரத்தம் எடுக்க வேண்டும்" என்று சொல்லி, திருவனந்தபுரத்தில் குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவர் ஒருவருக்குக் கடிதம் கொடுத்தார்.

களியக்காவிளை தாண்டிப் போய் வைத்தியம் பார்ப்பது நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. அந்த மருத்துவர் மலையாளத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன். மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற இடத்திலிருந்து ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோன் விட்டு விட்டுச் சுரக்கிறது. அது மூளைக்குக் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, அங்கிருந்து எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டும் வெளிவந்து விதைகளை வேலை செய்ய வைக்கின்றன. கருவில் முதல் மாதங்களில் நஞ்சுக்கொடியின் ஹார்மோனே விதைகளைத் தூண்டி ஆண் உறுப்பை உருவாக வைத்துவிடும். பிந்திய மாதங்களில் குறி வளர்வதற்கும் விதை இறங்குவதற்கும் குழந்தையின் சொந்த மூளை கட்டளை அனுப்ப வேண்டும். பிரசவம் நெருங்கும்போது நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் அந்தக் கட்டளையை அடக்கி வைக்கின்றன. பிறந்தபின் அந்தத் தடை நீங்குவதால் அது மறுபடி தொடங்கி, ஆண் குழந்தைக்கு ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் உச்சத்துக்குப் போய், ஆறு மாதம் ஆகும்போது அடங்குகிறது. இதை மினி பியூபர்ட்டி, அதாவது குட்டிப் பருவமடைதல், என்கிறார்கள்.

அதன்பின் பருவ வயது வரும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த ஹார்மோன்கள் குறைவாகத்தான் இருக்கும். ஒரு வயதில் எடுத்துப் பார்த்திருந்தால் என் மகனின் அளவும் அடுத்த வீட்டுப் பிள்ளையின் அளவும் ஒன்றுபோல்தான் தெரிந்திருக்கும். இதைக் கேட்டபோது அந்தப் பழைய சீட்டின் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

இரத்தம் எடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. முழங்கை மடிப்பில் நரம்பு கிடைக்கவில்லை. செவிலியர் அவன் புறங்கையைத் தன் உள்ளங்கைகளுக்கிடையே வைத்துச் சூடாக்கி, டார்ச் வெளிச்சத்தில் தேடி எடுத்தார்.

எல்.எச்., எஃப்.எஸ்.எச்., விதைகள் சுரக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் மூன்றுமே அடிமட்டத்தில் இருந்தன. விதைகளே பழுதாக இருந்தால் முதல் இரண்டும் எகிறியிருக்கும். மேலிருந்து கட்டளையே வரவில்லை என்பது இதிலிருந்து தெரிந்தது. பிட்யூட்டரி முழுவதுமே பழுதாக இருந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் சர்க்கரை, தைராய்டு, கார்ட்டிசோல் எல்லாம் பார்த்தார்கள். அவை சரியாக இருந்தன.

பிறகு மருத்துவர், "குடும்பத்தில் மணம் தெரியாதவர் யாராவது உண்டா?" என்று கேட்டார். என் அம்மாவின் தம்பியைத்தான் நினைத்தேன். கருவாடு காயும் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர். ஒருமுறை அடுக்களையில் கேஸ் கசிந்து அக்கம்பக்கத்தார் ஓடி வந்தபோது, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கியும் தாடி முளைக்கவில்லை, கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. ஊர் அவரைப் பற்றிப் பேசியதை நான் எழுத மாட்டேன்.

ஜி.என்.ஆர்.எச். சுரக்கும் செல்கள் கருவில் மூக்குப் பகுதியில் பிறந்து, முகர்வு நரம்பைப் பிடித்துக்கொண்டே மூளைக்குள் போகின்றன. அந்தப் பாதை உருவாகாவிட்டால் மணமும் இல்லை, இந்த ஹார்மோனும் இல்லை. ஃபிரான்ஸ் கால்மன் 1944இல் இதைக் குடும்பவழி நோயாக விவரித்ததால் கால்மன் சின்ட்ரோம் என்று பெயர். எக்ஸ் குரோமோசோம் வழியாகத் தாயிடமிருந்து மகனுக்கு வரும் வகையும் உண்டு. தாய்க்கு எந்தக் குறையும் தெரியாது. மகனுக்குப் பால் கொடுத்துத் தூங்கவைத்து எடுத்த எம்.ஆர்.ஐ.யில், மணத்தை உணரும் மூளைப் பகுதியான முகர்வுக் குமிழ்கள் இரண்டுமே தென்படவில்லை.

மாதம் ஒன்றாக மூன்று டெஸ்டோஸ்டிரோன் ஊசிகள், ஒவ்வொன்றும் 25 மில்லிகிராம். குறி நன்றாக வளர்ந்திருக்கிறது. ஊசி விதையை இறக்காது, அதற்கு அறுவை சிகிச்சைதான். ஆறு மாதத்துக்குப் பிறகு, ஒன்றரை வயதுக்குள் செய்துவிட வேண்டும் என்பதால் நாள் குறித்துவிட்டார்கள். பருவ வயதில் மீண்டும் சிகிச்சை தொடங்கும். பிற்காலத்தில் பிள்ளை பெறவும் ஹார்மோன் ஊசிகள் உதவக்கூடும் என்று மருத்துவர் சொன்னார்.

மாமாவை நானே கூப்பிட்டுப் போனேன். முதலில் மறுத்தார். "உங்கள் பேரனுக்கு இருப்பதுதான் உங்களுக்கும் மாமா" என்றபோது சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். இத்தனை வருடம் ஹார்மோன் இல்லாததால் எலும்பு தேய்ந்திருக்கலாம் என்று அடர்த்தி ஸ்கேன் எழுதியிருக்கிறார்கள். டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சையை இந்த வயதிலும் தொடங்கலாமாம். ஸ்கேன் முடிவு வந்ததும் அவருக்கு ஊசி ஆரம்பிக்கிறார்கள்.