கோடியக்கரை வேலியோரத்தில் செங்காந்தள்

முதலில் ஆட்டோ விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனம் ஆறாது. வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை சுமார் 11 கிலோமீட்டர்தான். அதற்கு 750 ரூபாய் வாங்கிவிட்டார் ஓட்டுநர். மழை தூறிக்கொண்டிருந்தது, பையில் கேமரா. பேருந்து எப்போது என்று கேட்டதற்கு "இன்னிக்கி வராது சார்" என்றார். நம்பி ஏறினேன். கோடியக்காட்டைத் தாண்டும்போது பின்னாலிருந்து ஹாரன் அடித்தபடி அதே பேருந்து எங்களை முந்திக்கொண்டு போனது. இரண்டு நாளுக்கு நான் எடுத்து வைத்திருந்ததே 3,000 ரூபாய். அதில் கால் பங்கு அரை மணி நேரத்தில் காலி. போகிறவர்கள் பேருந்து நேரத்தை டீக்கடையில் கேளுங்கள், ஆட்டோ நிற்கும் இடத்தில் கேட்காதீர்கள்.

நான் போனது பறவைக்கும் இல்லை, மானுக்கும் இல்லை. செங்காந்தள் கொடியை அது தானாக முளைக்கும் மண்ணில் பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. நம் மாநில மலர் என்று பள்ளியில் எழுதியிருக்கிறோம். திருப்பூர் மாவட்டத்து மூலனூர்ப் பக்கம் வயலில் பார்த்தும் இருக்கிறேன். அங்கே கண்வலிக் கிழங்கு என்பார்கள். கம்பி கட்டி, வரிசை வரிசையாக ஏற்றிவிட்டு, விடிந்ததும் பூவுக்குப் பூ கையாலேயே மகரந்தம் தொட்டு வைப்பார்கள். விதை மருந்துக்குப் போகிறது. அவர்கள் உழைப்பில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் கம்பியில் தொங்கும் கொடியைப் பார்த்துவிட்டு காந்தளைப் பார்த்தேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கோடியக்கரை வனவிலங்கு சரணாலயத்துக்குள் வண்டி வைத்துப் போனேன். 1967-லிருந்து பாதுகாக்கப்படும் காடு. மணல்மேட்டில் வளரும் வறண்ட பசுமைமாறாக் காடு என்பதால் மரங்கள் ஓங்கி வளரவில்லை. உலக்கைப் பாலையும் முட்செடிகளும் பின்னிக் கிடக்கின்றன. வெளிமான் கூட்டம் கூட்டமாக நின்றது. எல்லாம் அருமை. ஆனால் வண்டியில் உட்கார்ந்து போனால் கொடி எங்கே கண்ணில் படும்? ஒன்றரை மணி நேரத்தில் ஒரு பூ கூட இல்லை. வண்டிக்குக் கொடுத்த காசை நினைத்து வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலை அணைத்தது மதியச் சாப்பாடு. ஓலை இறக்கிய ஒரு சின்னக் கடை. கொடுவா மீன் குழம்பு, புளி தூக்கலாக, எண்ணெய் மேலே மிதக்க. துண்டு உள்ளங்கை அகலம். கூட இறால் தொக்கு கேட்காமலேயே வைத்தார்கள். மூன்று முறை சோறு வாங்கினேன். 130 ரூபாய். சென்னையில் இந்தக் காசுக்கு அந்த மீனின் வால் கூடக் கிடைக்காது.

பரிமாறிய அக்காவிடம் காந்தளைப் பற்றிக் கேட்டேன். புரியவில்லை. கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். "இதுவா? கார்த்திகைப் பூ! இதுக்கா வண்டி வச்சிட்டு உள்ள போனீங்க? பின்னால வேலியில கெடக்கே தம்பி" என்று கொல்லைப்புறம் கூட்டிப்போனார்.

காரையும் களாவும் முள்ளும் மூடிய வேலி. அதன் உச்சியில், மழையில் நனைந்து, பதினேழு பூக்கள். எண்ணினேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில் இருந்தது. புதிதாக விரிந்தது பச்சை கலந்த மஞ்சள், அடுத்தது அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்பும், முதிர்ந்தது முழுக்க ரத்தச் சிவப்பு. ஒரே கொடியில் ஒரு வாரமே தொங்குவது போல இருந்தது. ஆறு இதழ்களும் நெளிநெளியாக மேல்நோக்கி மடங்கி நிற்கின்றன. சங்கப் புலவர்கள் பெண்ணின் விரலுக்கு இதை ஏன் சொன்னார்கள் என்று அங்கே நின்றபோதுதான் புரிந்தது.

கொடி ஏறும் விதத்தை வயலில் நான் கவனித்ததே இல்லை. இதற்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே நீண்டு, சுருண்டு, முள் குச்சியை வளைத்துப் பிடித்துக்கொள்கிறது. முட்புதர்தான் இதற்கு ஏணி. காடு அடர்ந்த நடுவில் வெயில் போதாது. காட்டோரமும் வேலியோரமும்தான் இதன் இடம். வண்டியில் உள்ளே தேடிய நேரமெல்லாம் நான் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன்!

குனிந்து பூவுக்குள் பார்த்தேன். ஆறு மகரந்தத் தண்டுகள் சக்கரத்தின் ஆரம் போலப் பரந்திருக்கின்றன. சூலகத் தண்டு மட்டும் அடியிலேயே செங்கோணமாக மடங்கி, அவற்றை விட்டு ஒதுங்கி வெளியே நீட்டியிருக்கிறது. தன் மகரந்தம் தன் மேல் எளிதில் விழக்கூடாது என்பது போல. அதனால்தான் மூலனூரில் கையால் தொட்டு வைக்கிறார்கள். இங்கே அந்த வேலையை ஒரு வண்ணத்துப்பூச்சி செய்துகொண்டிருந்தது. அதன் இறக்கை மகரந்தத்தில் உரச உரச, நான் படம் எடுப்பதையே மறந்துவிட்டேன்.

"ரொம்ப உத்துப் பாக்காதீங்க, கண்ணு வலிக்கும்" என்றார் அக்கா. கண்வலிக் கிழங்கு என்ற பெயருக்கு ஊரில் சொல்லும் காரணம் அதுதான். உண்மையான ஆபத்து கீழே இருக்கிறது. கிழங்கிலும் விதையிலும் கோல்ச்சிசின் என்ற நஞ்சு உண்டு. கீல்வாதத்துக்கு மருந்தாவதும் அதுவே. உயிரை எடுப்பதும் அதுவே. கிழங்கு கலப்பை போல வளைந்திருக்கும், கலப்பைக் கிழங்கு என்ற பெயரும் உண்டு. வீட்டுத் தோட்டத்துக்கென்று காட்டிலிருந்து அதைத் தோண்டி எடுப்பவர்கள் மேல் எனக்குக் கடும் கோபம். ஆசையாக இருந்தால் விளைவிக்கும் விவசாயியிடம் வாங்குங்கள். இங்கே கை வைக்காதீர்கள்.

அப்புறம், எப்போது போவது என்று சொல்ல விட்டுப்போனது. ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்கு மழை இறங்கினால் கொடி எழும்பும். கோடையில் போனால் வெறும் வேலிதான், கிழங்கு மண்ணுக்குள் தூங்கும். குடை, கொசுவத்தி, சில்லறை எடுத்துக்கொள்ளுங்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்தது இந்தப் பக்கம்தான். "இந்தக் கொல்லையில ஒரு மரம் நிக்கல தம்பி. வேலியே இல்ல. மறு வருசம் மழ பேஞ்சதும் சாஞ்சு கெடந்த மரத்து மேல ஏறி இது பூத்துச்சு" என்றார் அக்கா, ஒரு இலை நுனியை முள்ளிலிருந்து விடுவிக்காமல் விரலால் தொட்டுக் காட்டி. அதற்குள் ரோட்டில் பேருந்து ஹாரன் கேட்டது. ஓடினேன்.