செமினாரில் எட்டுப் பள்ளி மாடலை ஓட்டிக் காட்டியபோது

புள்ளியியல் கணிப்பு செமினாரில் ஒரு மணி நேரம் ஸ்டான் நடத்த வேண்டியிருந்தது. பேய்சியன் மாடல்களை எழுதி, சாம்பிள் எடுத்துக் கணக்கிடும் மென்பொருள் அது. தரவுக்கு எட்டுப் பள்ளிகளை எடுத்துக்கொண்டோம். அமெரிக்காவில் எஸ்ஏடி தேர்வுக்குக் கொடுத்த தனிப்பயிற்சியால் எட்டுப் பள்ளிகளில் மதிப்பெண் எவ்வளவு கூடியது என்ற கணக்கு இது. டொனால்ட் ரூபின் 1981-இல் எழுதிய கட்டுரையில் வருகிறது. விளைவுகள் 28, 8, -3, 7, -1, 1, 18, 12. அவை எவ்வளவு நிச்சயமற்றவை என்று காட்டும் திட்டப்பிழைகள் 15, 10, 16, 11, 9, 11, 10, 18. பலகையில் எழுதிப்போட்டாலே போதும், கோப்பு எதுவும் அனுப்ப வேண்டாம்.

நிறுவும் வேலையை முந்தைய நாளே முடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஸ்டான் நம் மாடலை சி பிளஸ் பிளஸ் நிரலாக மாற்றித்தான் கம்பைல் செய்கிறது. ஆகவே ஆர் மொழி வழியாக ஓட்டுபவர்களுக்கு விண்டோஸில் ஆர் பதிப்புக்குப் பொருந்தும் ஆர்டூல்ஸ் என்ற கம்பைலர் தொகுப்பு இருக்க வேண்டும். ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தாலும் பல சமயம் சிக்கும். ஸ்டானோடு கூடவே வரும் பெர்னூலி என்ற சிறு உதாரண மாடல் ஓடிவிட்டால் கவலையில்லை.

மாடல் எளிது. ஒவ்வொரு பள்ளியின் உண்மை விளைவு தீட்டா. எட்டுத் தீட்டாவும் சராசரி மியூ, திட்ட விலக்கம் டௌ கொண்ட நார்மல் பரவலிலிருந்து வருகின்றன. மியூவுக்கு நார்மல்(0, 5), டௌவுக்கு அரைக் கோஷி(0, 5) முன்பரவல், அதாவது தரவைப் பார்க்கும் முன் நாம் வைக்கும் அனுமானம். டௌவை அறிவிக்கும்போது கீழ்வரம்பு 0 என்று போட மறந்தால் பிழைச்செய்தி கொட்டும். பக்ஸ் என்ற பழைய பேய்சியன் மென்பொருளில் பழகியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஸ்டானில் நார்மலின் இரண்டாவது எண் திட்ட விலக்கம், பக்ஸில்போல் பரவற்படியின் தலைகீழ் அல்ல.

நான்கு செயின் (தனித்தனியாக ஓடும் சாம்பிள் தொடர்), ஒவ்வொன்றிலும் தன்னைச் சரிசெய்துகொள்ள 1000 வார்ம்அப், பிறகு 1000 சாம்பிள். சில நொடிகளில் முடிந்து, டைவர்ஜென்ஸ் எச்சரிக்கை, அதாவது சாம்பிள் எடுக்கும் பாதை தடம் புரண்டது என்ற எச்சரிக்கை, வந்து நிற்கும். அதை மறைக்காமல் திரையிலேயே காட்டுங்கள், பாடமே அங்கேதான் இருக்கிறது. டௌ சிறுக்கச் சிறுக்க எட்டுத் தீட்டாவும் மியூவோடு ஒட்டிக்கொள்வதால் பரவல் புனல்போல ஆகிறது. அகன்ற வாய்க்குச் சரியான ஸ்டெப் அளவு (சாம்பிள் எடுக்கும் பாதையில் ஒரு அடியின் நீளம்) கழுத்துக்குப் பெரிது, உள்ளே நுழைய முடியாது. கழுத்துப் பகுதி விடுபடுவதால் டௌ உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். லாக் டௌவையும் முதல் பள்ளியின் தீட்டாவையும் எதிரெதிரே வரைந்து, டைவர்ஜென்ட் புள்ளிகளுக்குச் சிவப்பு கொடுத்தால் அவை கழுத்துப் பக்கம் குவிந்திருப்பது கண்ணுக்கே தெரியும்.

உடனே எல்லோரும் அடாப்ட் டெல்டாவை (கூட்டினால் ஸ்டெப்பைச் சிறிதாக்கும் அமைப்பு) 0.8-லிருந்து 0.99-க்கு ஏற்றுவார்கள். எச்சரிக்கை குறையும், நேரம் கூடும், புனல் அப்படியே இருக்கும். மாற்ற வேண்டியது மாடலை எழுதும் விதத்தை. நார்மல்(0, 1)-லிருந்து ஈட்டா எடுத்து, தீட்டா = மியூ + டௌ × ஈட்டா என்று எழுதினால் எச்சரிக்கை அநேகமாகப் போய்விடும். ஆனால் எல்லா மாடலுக்கும் இதையே செய்யாதீர்கள். திட்டப்பிழை மிகச் சிறிதாக, ஒவ்வொரு குழுவின் தரவும் வலுவாக இருந்தால் முதல் வடிவம்தான் நன்றாக ஓடும்.

செயின்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் ஆர்-ஹாட் 1.01-க்குக் கீழே, எத்தனை சார்பற்ற சாம்பிளுக்குச் சமம் என்று சொல்லும் பயனுறு சாம்பிள் அளவு 400-க்கு மேலே இருக்கிறதா என்று பார்த்த பிறகே விடைக்குப் போங்கள். 28 காட்டிய முதல் பள்ளி பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும். நல்ல பள்ளியின் விளைவை ஏன் வெட்டினீர்கள் என்று யாராவது கேட்பார்கள். அப்போது பலகையில் அந்த 28-க்கு நேரே உள்ள திட்டப்பிழை 15-ஐக் காட்டுங்கள்.