அம்மாவின் ஈரக் கைக்கு ஒரு டச் போன்

காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்துவந்து, தண்டையார்பேட்டையில் ஒரு தெரு முனையில் கூடை போட்டு விற்பவர் என் அம்மா. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அதே முனைதான். கூடைக்குப் பக்கத்தில் க்யூஆர் அட்டை வந்தது மட்டும் புதுசு. அந்த அட்டை என் வங்கிக் கணக்குக்கானது. அம்மாவிடம் இருந்தது பட்டன் போன். யாராவது ஸ்கேன் செய்தால் உடனே எனக்கு அடிப்பார். "பாப்பா, நூத்தி எண்பது ரூபா வந்துச்சா பாரு." நான் பாரிமுனையில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பேருந்தில் நிற்கும்போது, முதலாளி எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, காய்ச்சலில் படுத்திருக்கும்போதுகூட அந்த அழைப்பு வரும். எடுக்காமல் விட்டால் அங்கே மீன் வாங்கியவர் காத்துக்கொண்டு நிற்பார்.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு, என் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்துபோயிருந்தது. ஒருவர் 640 ரூபாய்க்கு வஞ்சிரம் வாங்கிக்கொண்டு, பணம் போய்விட்டதாகத் திரையைக் காட்டியிருக்கிறார். அம்மாவுக்குப் பச்சை டிக் மட்டும் தெரிந்திருக்கிறது. மாலையில் நான் கணக்கைப் பார்த்தபோது அப்படி ஒரு பணமே வரவில்லை. அன்று ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. ஏலத்தில் கடன் சொல்லி எடுத்த மீன் அது.

பணம் வந்தால் சத்தமாகச் சொல்லும் பெட்டியை மாத வாடகைக்கு எடுக்கலாம் என்று முதலில் யோசித்தேன். அம்மாவுக்கு அதில் மனம் இல்லை. கூட ஏலத்துக்கு வரும் அக்காமார் எல்லாரும் எந்தப் படகில் என்ன மீன் இறங்கியது என்று வாட்ஸ்அப்பில் படம் போட்டுக்கொள்கிறார்கள். அதைத் தானும் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. சரி, டச் போனே வாங்கிவிடலாம் என்று முடிவானது. கையில் இருந்தது பத்தாயிரம் ரூபாய். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பெரிய விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வாங்குவதானால் அதற்கு முன்னால் வாங்கியாக வேண்டும்.

என் சித்தி மகன் தன்னுடைய பழைய போனைக் கொடுத்துப் பழகிப் பார்க்கச் சொன்னான். அந்த ஒரு வாரத்தில் நான் கற்றுக்கொண்டதுதான் பிறகு கடைகடையாக ஏறி இறங்கியபோது எனக்கு வழி காட்டியது. அம்மா தொட்டால் போன் கேட்கவே இல்லை. அல்லது தொடாத இடத்தில் ஏதோ திறந்தது. "இன்னாடி இது, என் கைய மட்டும் மதிக்க மாட்டேங்குது" என்றார். அவருக்குத் தொடத் தெரியவில்லை என்று நான் அவசரப்பட்டு நினைத்தேன். தப்பு என்னுடையது.

இப்போதைய டச் திரையின் கண்ணாடிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மின்கடத்திப் படலம் இருக்கிறது. விரல் நெருங்கினால் அந்த இடத்தில் மின்னூட்டம் கொஞ்சம் மாறும். அதை வைத்துத்தான் எங்கே தொட்டோம் என்று போன் கண்டுபிடிக்கிறது. தண்ணீரும் மின்சாரம் கடத்தும். உப்புத் தண்ணீர் இன்னும் நன்றாகவே கடத்தும். அதனால் திரையில் ஒரு சொட்டு விழுந்தாலும் போன் குழம்பிவிடுகிறது. அம்மாவின் கையோ நாள் முழுக்க ஐஸிலும் உப்புத் தண்ணீரிலும் இருக்கிற கை. அதோடு அருவாமனை பிடித்துப் பிடித்து விரல் நுனி காய்த்துப்போயிருக்கிறது. காய்ந்து தடித்த தோலைத் திரை சரியாக உணராது. 2010 வாக்கில் குச்சியோடு வந்த டச் போன்களில் இந்தச் சிக்கல் கிடையாது. அவை அழுத்தத்தில் வேலை செய்தவை; நகத்தால் அழுத்தினாலும் போதும். இப்போது கடைகளில் அந்த வகை போன் இல்லை.

ஆக, கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம் ஆகிவிட்டது. ஈரக் கைக்கு எது கேட்கும், வெயிலில் எது தெரியும், தெருச் சத்தத்தில் எது காதில் விழும் என்று மூன்றே கேள்விகளோடு கிளம்பினேன்.

அலுவலகத்துக்குப் பக்கம் என்பதால் முதலில் பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பிய நம் மக்கள் போட்ட கடைகள்; பழைய போன் என்றால் வடசென்னையில் எல்லாரும் முதலில் சொல்லும் இடம். இருபதாயிரத்துக்கு வந்த போன் எட்டாயிரத்துக்குக் கிடைக்கும் என்றால் யாருக்கும் கை அரிக்கும். ஒரு கடையில் எனக்குப் பிடித்த போன் ஒன்று இருந்தது. விலை பேசுவதற்கு முன் *#06# அழுத்தினேன். திரையில் வந்த 15 இலக்க ஐஎம்இஐ எண்ணும் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்) பெட்டியில் இருந்த எண்ணும் வேறு வேறு. கேட்டதற்கு, "பொட்டி மாறிப்போச்சு, போனுக்கு நான் கேரண்டி" என்றார்கள். வைத்துவிட்டு வந்துவிட்டேன். பழைய போன் வாங்குகிறவர்கள் இன்னொன்றும் செய்யலாம். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைப் பெரிய எழுத்தில் அடித்து, இடைவெளி விட்டு அந்த 15 இலக்கத்தைச் சேர்த்து 14422 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், அது எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று பதில் வரும். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டிருந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

அங்கே இன்னொரு கடைக்காரர் நல்ல மனிதர், ஒரு உபாயம் சொல்லிக்கொடுத்தார். ஏதாவது ஒரு ஆப் படத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, விரலை எடுக்காமல் திரை முழுவதும், நான்கு மூலைக்கும் இழுக்க வேண்டும். எந்த இடத்தில் படம் நழுவி விழுகிறதோ அங்கே டச் செத்துவிட்டது. உடைந்த திரையை எடுத்துவிட்டு மட்டமான திரை மாற்றிய போன்கள் பெரும்பாலும் இதில் மாட்டிக்கொள்ளும். அவர் காட்டிய போனிலேயே ஓரத்தில் படம் நழுவியது. "இது வேணாம்மா" என்று அவரே எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

ஆனாலும் பழையது வேண்டாம் என்று தீர்மானித்தேன். ஆண்ட்ராய்டு பதிப்பு பழையதாகிவிட்டால் பாதுகாப்பு அப்டேட் நின்றுபோகும். ஒருநாள் பணம் அனுப்பும் ஆப்பும் ஓடாது. அம்மாவுக்கு போன் வாங்குவதே அந்த ஆப்புக்காகத்தானே.

ஒரு செவ்வாய்க்கிழமை விடுப்பு போட்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். இதை அழுத்திச் சொல்கிறேன்: யாருக்கு வாங்குகிறோமோ அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். முதல் கடையில் பையன் என்னிடமே பேசிக்கொண்டிருந்தான். "எட்டு ஜிபி ரேம்க்கா" என்றான். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் நான்குதான் உண்மையான ரேம், அதாவது ஆப்புகள் ஓடும் வேகமான நினைவகம். மீதி நான்கு சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்குவது. சேமிப்பிடம் ரேமை விட மிகவும் மெதுவானது, அதனால் இதைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அம்மா டெமோ போனைக் கேட்டதற்கு, கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பெரியவங்களுக்கு பட்டன் போனே போதும்" என்றான். எழுந்து வந்துவிட்டோம்.

இரண்டாவது கடையில் ஒரு பெண் இருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் மூன்று டெமோ போன்களை மேசையில் வைத்து, தன் தண்ணீர் பாட்டிலையும் நீட்டினாள். அம்மா விரலை நனைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் எண்களை அழுத்திப் பார்த்தார். 7,500 ரூபாய் போனில் பத்து எண்ணில் நான்கு தவறிப்போனது. 9,000 ரூபாய் போன் பரவாயில்லை. ஆனால் கடை வாசலுக்கு வந்து உச்சி வெயிலில் பிடித்தபோது திரையில் எங்கள் முகம்தான் தெரிந்தது. மூன்றாவதில் ஈரக் கைக்கான டச் என்று ஒரு வசதி போட்டிருந்தார்கள். சும்மா விளம்பரம் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியில்லை, வித்தியாசம் தெரிந்தது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இருக்கும்போதும் தொட்ட இடத்தைப் பெரும்பாலும் சரியாகப் பிடித்தது. தண்ணீர் வழிந்தால் அதுவும் தடுமாறியது.

ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்து நடைபாதைக்குக் கொண்டுபோய் ஒரு பாட்டு போட்டுப் பார்த்தோம். ஷேர் ஆட்டோ சத்தத்துக்கு நடுவிலும் கேட்டது. 5ஜி இல்லை, 4ஜி தான். பணம் வந்த செய்திக்கும் மீன் படத்துக்கும் 4ஜி தாராளம். தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்பதற்கு ஐபி54 என்று எழுதியிருந்தது. அந்தப் பெண்ணே நேர்மையாகச் சொன்னாள்: அது உப்புத் தண்ணீருக்கு இல்லை, தண்ணீர் உள்ளே போய்க் கெட்டால் வாரண்டியும் கிடையாது. 10,200 ரூபாய் கொடுத்து, ஐஎம்இஐ எண் போட்ட ஜிஎஸ்டி பில் வாங்கிக்கொண்டேன். இலவசமாக ஒட்டித் தருவதாகச் சொன்ன தடித்த டெம்பர்டு கிளாஸை வேண்டாம் என்றோம். ஏற்கெனவே காய்த்த விரல், நடுவில் இன்னொரு கண்ணாடி எதற்கு?

வங்கியில்தான் நாள் போனது. அம்மாவின் கணக்கில் எப்போதோ தொலைந்துபோன பழைய சிம் நம்பர் இருந்தது. கணக்கில் உள்ள நம்பரின் சிம் அந்தப் போனிலேயே இருந்தால்தான் யுபிஐ பதிவாகும். நம்பர் மாற்ற எழுதிக் கொடுத்து, இரண்டு முறை அலைந்து, ஐந்தாம் நாள் வேலை முடிந்தது. அதனால் போனைத் தேடும் முன்பே வங்கியில் இருக்கும் நம்பரைச் சரிபார்த்துவிடுங்கள். அப்புறம் புது க்யூஆர் அட்டை, அம்மா பெயரிலேயே. ஆப்பைத் தமிழுக்கு மாற்றி, எழுத்தைப் பெரிதாக்கி, முதல் பக்கத்தில் மூன்று ஆப் மட்டும் வைத்தேன். ஒரே ஒரு விஷயத்தைத் தினமும் சொல்லிக்கொடுத்தேன்: பணம் வாங்குவதற்கு ரகசிய எண் போட வேண்டியதே இல்லை. யாராவது போடச் சொன்னால் அவர் பணத்தை எடுக்கப் பார்க்கிறார். மோசம் போனால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அடிக்க வேண்டும்.

ஈரத்துக்கு மீதி வழியை அம்மாவே கண்டுபிடித்தார். சுண்டுவிரலின் முட்டியால் தொடுகிறார். அந்தத் தோல் காய்க்கவில்லை, அவ்வளவாக நனைவதும் இல்லை. போன் முதல் தடவையிலேயே கேட்கிறது. படகுக்காரர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒன்றையும் வாங்கி வந்தார். அது மெல்லியது என்பதால் மேலேயே தொடலாம். ராத்திரி உறையிலிருந்து எடுத்து, சார்ஜ் போடும் துளை நன்றாகக் காய்ந்த பிறகுதான் சார்ஜ் போடுவது.

தடைக்காலத்துக்கு முந்தைய கடைசி ஞாயிறு. கூட்டம் அதிகம் இருக்கும் என்று தெரிந்து போனைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். ஏழு மணிக்கு அடித்தது.

"பாப்பா, எழுந்துட்டியா? முந்நூத்தி இருவது வந்துச்சு, நானே பாத்துட்டேன். சும்மா சொல்லலாம்னு அடிச்சேன். நீ தூங்கு."