இது ஆருக்குச் சொல்லும்?

தீ ஆபத்தைப் போனுக்கு அறிவிக்கும் மின் மீற்றர் ஒன்றை நாங்கள் செய்யத் தொடங்கியபோது, அதற்குள் புகை உணரியை வைப்பது வீண் வேலை என்று முதல் கூட்டத்திலேயே சொன்னவன் நான். புகை மேலே போய்க் கூரையடியில் தங்கும். மீற்றரோ விறாந்தைச் சுவரில், பாதி வெளியே இருக்கும். குசினியில் பிடித்த தீயின் புகை அங்கே வந்து சேரும்போது அயல் முழுக்க வாளியோடு வந்திருக்கும். எங்கள் மேலாளர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப புகையைப் பிடிக்கிறதைக் கூரையில வைப்பம், கதைக்கிறதை மீற்றரில வைப்பம்" என்றார். கூரையில் ஒரு சின்ன வட்டப்பெட்டி, மீற்றருக்குள் செய்தி அனுப்பும் சிம். அது நல்ல யோசனைதான். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

வெப்ப உணரி மட்டும் மீற்றருக்குள்தான் இருக்க வேண்டும். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. மீற்றரில் வயரைப் பிடிக்கும், சரியாக இறுகாத ஒரு ஸ்குறூவில் 0.05 ஓம் தடை இருந்தாலே போதும். ஏசியும் ஹீற்றருமாகச் சேர்ந்து 20 அம்பியர் இழுக்கும்போது அந்தப் புள்ளியில் 20 வாற் வெப்பம் பிறக்கும், ஒரு சோல்டரிங் அயனைப் பிளாஸ்ரிக் பெட்டிக்குள் மூடி வைத்த மாதிரி. மின்னோட்டம் கூடாததால் பிரேக்கர் விழாது. ட்ரிப் சுவிட்ச் மின் கசிவை மட்டுமே பார்ப்பது. 30 மில்லி அம்பியர் வேறு வழியில் ஓடினால்தான் அதற்குக் கோபம் வரும். சாதாரண பிவிசி வயர் தாங்குவது 70 பாகை செல்சியஸ். திருகோணமலையின் உப்புக் காற்றில் செம்பு பச்சை பிடித்து, ஸ்குறூ கறள் பிடித்து, மெல்ல மெல்லக் கருகும் இணைப்பை இவை இரண்டும் கடைசி வரைக்கும் காணாது.

60 பாகையில் கத்து என்று மொட்டையாக ஓர் எல்லையை வைக்கவும் முடியாது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில், மேற்குப் பார்த்த சுவரில், பெட்டி வெயிலிலேயே கொதித்துவிடும். அதனால் மின்னோட்டத்தோடு சேர்த்துப் பார்க்கிறோம். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்ப ஏற்றம் நாலு மடங்காக வேண்டும். அந்தக் கணக்கையும் மிஞ்சி ஏறினால் இணைப்பில்தான் கோளாறு. மீற்றரிலேயே மின்னோட்டத்தின் அளவு இருக்கிறது என்பதால்தான் இந்தக் கணக்கைப் போட முடிகிறது. ஒரு வருத்தம் என்னவென்றால், மின்சார சபையின் மீற்றர் சீல் வைத்தது, தொட முடியாது. நாங்கள் பூட்டுவது அதற்குப் பின்னால் வருகிற இரண்டாவது மீற்றர். சீலுக்குள் இருக்கும் இணைப்பு சூடானால் எங்களுக்கும் தெரியாது. கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்தில் 2014இல் சில மீற்றர்களே தீப்பிடித்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மீற்றர்களைக் கழற்ற வேண்டி வந்தது.

இதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயங்கள். திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் ஓர் அம்மா கேட்டது இதில் எதையும் அல்ல.

பரீட்சார்த்தமாகப் பூட்டிய வீடுகளில் அவருடையதும் ஒன்று. மகன் வெளிநாட்டில், அவர் தனியே. மீற்றரைப் பூட்டி, கூரையில் வட்டப்பெட்டியை வைத்து, ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, இது ஆருக்குச் சொல்லும்?"

"உங்கட போனுக்கு அம்மா. மகனுக்கும் போகும்."

"அதுக்கு முதல்?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "எங்கட கம்பியூட்டருக்கு" என்றேன்.

"அது எங்கை இருக்கு?"

"கொழும்பில."

அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தார். நான் குடித்து முடிக்கும் வரைக்கும் மகனைப் பற்றித்தான் கதைத்தார். அப்புறம் சொன்னார்: "மீற்றர் இருக்கட்டும். மேல இருக்கிறதைக் கழட்டுங்கோ."

அதில் கமரா இல்லை, மைக் இல்லை, போகிற தரவு மறைகுறியாக்கப்பட்டது என்று நான் விளக்கியிருக்கலாம். அதற்கென்று அச்சடித்த தாள் கூடக் கைப்பையில் இருந்தது. எடுக்கவில்லை. இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டில் எத்தனை பேர், இரவு தங்கியது யார் என்று எழுதிப் பொலிசுக்குக் கொடுத்த யுத்த காலத்தைக் கடந்து வந்தவர் அவர். நானும் அந்தப் பட்டியல்களில் ஒரு பெயராக இருந்தவன்தான், சின்னப் பிள்ளையாக. அவர் அதை நினைத்துத்தான் கேட்டார் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. அவர் யுத்தத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானே என் நினைவை அவர் மீது ஏற்றிவிட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது. வெறுமனே, கூரையில் எதுவும் தொங்குவது அவருக்குப் பிடிக்காமலும் இருந்திருக்கலாம்.

எதுவானாலும் கழற்றினேன். சிம்மையும் எடுத்துவிட்டு, சூடேறினால் ஊளையிடும் சைரனை மட்டும் மீற்றரில் விட்டேன். படிவத்தில் 'மறுத்த காரணம்' என்ற இடத்தில் செலவு, வயரிங் கோளாறு, வேறு என்று மூன்று தெரிவுகள். 'வேறு' என்பதில் அடையாளம் போட்டேன்.

மேலாளர் கத்தவில்லை. அவர் சொன்னது நியாயமாகவும் இருந்தது. "சீற் பெல்ற் போடுறதுக்கு ஆரிட்ட விருப்பம் கேக்கிறம்? நாளைக்கு அறைக்குள்ள ஒரு பிளக் பேஸ் எரிஞ்சா உம்மட மீற்றர் காணுமோ?" காணாது. அறைக்குள் எரிவது விறாந்தையில் இருக்கும் வெப்ப உணரிக்குத் தெரியவே தெரியாது. தனியாகத் தூங்கும் ஒரு வயதானவரிடமிருந்து, அவருக்கு உண்மையிலேயே உதவக்கூடிய பகுதியைக் கழற்றி, எனக்குப் பெருமை தருகிற பகுதியை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அவர் கேட்டதால்தான் செய்தேன் என்பது உண்மைதான். ஆனால் கேட்டதையெல்லாம் செய்வதற்கா என்னைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்கள்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அவருடைய பயம் ஒரு ஊர் ஆச்சியின் பயம் மட்டும் அல்ல. நெதர்லாந்தில் 2009இல் எல்லா வீட்டுக்கும் ஸ்மார்ட் மீற்றரைக் கட்டாயமாக்கும் சட்டத்தை, தனியுரிமையைக் காரணம் காட்டி மேல்சபை தடுத்தது. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மின் பாவனையைப் பார்த்தாலே யார் எப்போது எழும்புகிறார், வீடு எப்போது வெறுமை என்று கண்டுபிடித்துவிடலாம். அதன் மேல் புகையும் சேர்ந்தால் அடுப்பு மூட்டும் நேரமும் தெரிந்துவிடும். எங்கள் திரையில் அந்தக் கோடுகளைப் பார்த்து, "இந்த வீட்டில இன்னும் சமைக்கேல்லைப் போல" என்று நாங்களே பகிடி விட்டிருக்கிறோம். அந்தப் பகிடியை அவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியவில்லை. சிரித்திருக்கவும் கூடும்.

மனம் கேட்காமல், பற்றரியில் ஓடுகிற தனிப் புகை அலாரம் ஒன்றை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். யாருக்கும் எதுவும் சொல்லாது, கத்த மட்டும் செய்யும். சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். பிறகு ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது பார்த்தால் பற்றரி ரீவி ரிமோட்டுக்குள் இருந்தது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டாலும் கத்துகிறதாம், நுளம்புத்திரி கொளுத்தினாலும் கத்துகிறதாம். கூரையில் நாங்கள் வைத்த பெட்டிக்கு மீற்றரிலிருந்தே கரண்ட் போகும். பற்றரியைக் கழற்றும் பேச்சே இல்லை. சாம்பிராணிப் புகையா, எரியும் வயரா என்று கொழும்பில் இருக்கும் கம்பியூட்டர் ஓரளவுக்குப் பிரித்தும் பார்க்கும். அந்தப் பெட்டிதான் நல்லது என்று மேலாளரிடம் நானே ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆனால் அவர் அதை ஒரு வெற்றியாக எடுத்துக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை.

இப்போது அடுத்த வடிவத்துக்கு நான் ஒரு முன்மொழிவு எழுதியிருக்கிறேன். செய்தி கொழும்புக்கே போகாது. மீற்றரிலிருந்து நேரே, வீட்டுக்காரர் தாமே தெரிவு செய்த பக்கத்து வீட்டுக்கு ஒரு சின்ன வானொலி அலையில் போகும். தீ என்றால் முதலில் ஓடிவருவது அயல்தானே. மேலாளர் வாசித்துவிட்டு, "அப்ப மாசக் கட்டணம் எதுக்கு எடுக்கிறது?" என்று கேட்டார். அதற்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.

அந்த அம்மாவிடம் இந்த யோசனையைச் சொன்னபோது முகம் மலர்ந்தது. "அது நல்லம் தம்பி, அப்பிடிச் செய்யுங்கோ" என்றார். எந்த வீட்டின் பெயரைப் போடுவது என்று கேட்டேன். இடப் பக்க வீட்டைக் காட்டிவிட்டு உடனே கையை இறக்கினார்.

"இல்லை, வேண்டாம். அந்த மதில் பிரச்சினைக்குப் பிறகு அவையளோட கதை பேச்சில்லை. வலப் பக்கத்தார் வாடகைக்கு வந்த ஆக்கள், ஆரெண்டே தெரியாது. நீங்கள் உங்கட நம்பரைப் போடுங்கோவன்."