ஓரத்தில் எழுதியிருந்த ஒரு சொல்: தாஃப்பா

அரபுக் கல்லூரியில் மிஷ்காத் என்ற நபிமொழித் தொகுப்பை ஓதிய வருடம், அரையாண்டுத் தேர்வில் ஒரு ஹதீஸின் (நபிமொழியின்) அரபு மூலத்தைக் கொடுத்துப் பொருளும் சட்டமும் எழுதச் சொல்லியிருந்தார்கள். குர்பானி (ஹஜ்ஜுப் பெருநாள் பலி) இறைச்சியை மூன்று நாட்களுக்கு மேல் சாப்பிடுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்த ஹதீஸ் அது. எல்லாச் சொல்லுக்கும் எனக்குப் பொருள் தெரியும். "மூன்று நாட்களுக்கு மேல் வைத்திருப்பது கூடாது" என்று சட்டத்தையும் உறுதியாக எழுதிவிட்டு வந்தேன். திருத்திய தாளில் ஹஜ்ரத் (எங்கள் ஆசிரியர்) அந்த வரியை அடித்துவிட்டு, ஓரத்தில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: தாஃப்பா.

அந்தச் சொல்லைத் தேடிப் போனபோதுதான் ஹதீஸை எப்படிப் படிக்க வேண்டும் என்பது எனக்குப் பிடிபட ஆரம்பித்தது. இப்போது ஓதுகிற தம்பி தங்கைகளுக்கும், தமிழ் மொழிபெயர்ப்பை வைத்து வீட்டிலேயே படிப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

தாஃப்பா என்றால் கூட்டமாக மெல்ல நடந்து வருகிறவர்கள். ஒரு வருடம் குர்பானி நேரத்தில் நாட்டுப்புற ஏழைகள் கூட்டமாக மதீனாவுக்கு வந்து சேர்ந்தார்கள். மூன்று நாளுக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தர்மம் செய்துவிடுங்கள் என்றார்கள் நபியவர்கள். பிறகு மக்கள் வந்து கேட்டபோது, "வந்திருந்த அந்தக் கூட்டத்துக்காகத்தான் தடுத்தேன், இனி சாப்பிடுங்கள், சேமித்து வையுங்கள், தர்மமும் செய்யுங்கள்" என்றார்கள். இது நபியவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக, இமாம் முஸ்லிம் தொகுத்த ஹதீஸ் நூலில் இருக்கிறது. இமாம் புகாரி தொகுத்த நூலில் உள்ள நபித்தோழர் ஸலமா பின் அல்அக்வஉ (ரலி) அறிவிப்பும் இதையே சொல்கிறது: அந்த வருடம் மக்கள் கஷ்டத்தில் இருந்தார்கள், நீங்கள் உதவ வேண்டும் என்று விரும்பினேன்.

சரி, பழைய தடை போய்விட்டது, அவ்வளவுதான் என்று முடித்துவிட நினைத்தேன். முடியவில்லை. நபியவர்களின் காலத்துக்குப் பிறகு அலீ (ரலி) அவர்கள் பெருநாள் குத்பாவில் (சொற்பொழிவில்) அதே தடையை மக்களுக்கு நினைவூட்டியதும் புகாரியில் இருக்கிறது. அனுமதி அவர்களுக்கு எட்டவில்லையா, அல்லது அந்த நேரத்தில் மறுபடியும் பஞ்சம் இருந்ததா? அறிஞர்கள் இதைப் பல விதமாக அலசியிருக்கிறார்கள். இமாம் ஷாஃபிஈ (இறப்பு ஹிஜ்ரி 204) அர்ரிஸாலா நூலில் சொல்லும் ஒரு விளக்கம் என்னை அப்படியே நிறுத்தியது: தேவையுள்ள கூட்டம் வந்தால் தடை, வராவிட்டால் அனுமதி. இப்படிப் பார்த்தால் தடையை ரத்தாகிப்போன சட்டம் என்று சொல்ல முடியாது. காரணம் திரும்பி வந்தால் தடையும் திரும்பி வரும். நான் எழுதிய வரியில் இதில் எதுவுமே இல்லை.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஒரு ஹதீஸிலிருந்து சட்டம் எழுதுவதற்கு முன், அது வேறு யார் வழியாக, என்ன சூழலில் வந்திருக்கிறது என்று நோட்டில் ஒரே பக்கத்தில் குறித்துக்கொள்வேன். இதற்கு முஸ்லிம் நூலில் தொடங்குவது வசதி. ஒரே ஹதீஸின் பல அறிவிப்புகளை இமாம் முஸ்லிம் அவர்கள் ஓரிடத்தில் சேர்த்துத் தருகிறார்கள். இமாம் புகாரி அவர்களோ சட்டத்துக்கு ஏற்றபடி பல பாடங்களில் பிரித்து வைக்கிறார்கள். அங்கே பாடத் தலைப்பே பாதி விளக்கம், அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இரண்டு நூல்களுக்கும் ரஹ்மத் அறக்கட்டளையின் தமிழாக்கம் இருக்கிறது. ஹதீஸ் எண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்பதால் பாடத்தின் பெயரையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

நேர்ப்பொருளிலேயே நின்றுவிடுவதும் தவறவைக்கும். "உங்களில் கை நீளமானவரே முதலில் என்னை வந்து சேருவார்" என்று நபியவர்கள் சொன்னபோது, மனைவியர் கைகளை அளந்து பார்த்தார்கள். முதலில் இறந்தவர் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி). தம் கையால் உழைத்து அதிகம் தர்மம் செய்தவர் அவர்கள்தான். கை நீளம் என்றது கொடைத்தன்மையை என்பது அப்போதுதான் புரிந்தது. அரபைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கே அப்படி என்றால், மொழிபெயர்ப்பு வழியாகப் படிக்கும் நாம் எவ்வளவு நிதானிக்க வேண்டும்!

ஒரு ஹதீஸ் குர்ஆனோடு மோதுவதுபோலத் தோன்றினால் பலர் பதறிப்போய் ஹதீஸையே தள்ளிவிடுகிறார்கள். ஆயிஷா (ரலி) அவர்களைப் பாருங்கள். "மறுமையில் விசாரிக்கப்படுபவர் வேதனை செய்யப்படுவார்" என்று நபியவர்கள் சொல்லக் கேட்டதும், "எளிதான விசாரணை என்று அல்லாஹ் சொல்கிறானே?" என்று குர்ஆனின் 84ஆம் அத்தியாயத்தைக் காட்டிக் கேட்டார்கள். அது செயல்கள் வெறுமனே எடுத்துக்காட்டப்படுவதுதான், துருவித் துருவி விசாரிக்கப்படுபவரே அழிவார் என்று பதில் வந்தது. அந்தக் கேள்வி இல்லாவிட்டால் இந்த விளக்கமே நமக்குக் கிடைத்திருக்காது. அதனால் ஹஜ்ரத்திடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால் அது ஹதீஸ்தானா என்று பார்க்க வேண்டும். "சீனா சென்றேனும் கல்வி தேடு" என்பதை மேடைகளில் எத்தனை முறை கேட்டிருப்போம். அது ஆதாரப்பூர்வமானதல்ல என்பதே ஹதீஸ் கலை அறிஞர்கள் பலரின் முடிவு.

ஆண்டுத் தேர்வில் பனூ குறைழா (மதீனாவின் ஒரு யூதக் குலம்) பற்றிய ஹதீஸ் வந்தது. அகழ்ப்போர் முடிந்ததும், "பனூ குறைழாவைச் சென்றடையும் வரை யாரும் அஸர் (மாலைத் தொழுகை) தொழ வேண்டாம்" என்று நபியவர்கள் தோழர்களிடம் சொன்னார்கள். வழியிலேயே அஸர் நேரம் வந்துவிட்டது. சீக்கிரம் போகச் சொன்னதுதான் நோக்கம் என்று சிலர் வழியில் தொழுதார்கள்; சொன்ன சொல்படியே போய்ச் சேர்ந்துதான் தொழுவோம் என்றார்கள் மற்றவர்கள். இந்த முறை ஒரு சாராரின் கருத்தை மட்டும் சட்டமாக எழுதவில்லை. இரண்டு சாராரின் காரணத்தையும் எழுதி, செய்தி எட்டியபோது நபியவர்கள் இருவரில் எவரையும் கடிந்துகொள்ளவில்லை என்ற அறிவிப்பைக் கடைசி வரியாக வைத்தேன்.